காகிதத்தை மடிக்காமல் பின்னம் இல்லை

2/3 பெரியதா, 3/4 பெரியதா? ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். இடப்பக்கத்து 2ஐ வலப்பக்கத்து 4ஆல் பெருக்கி 8 என்று எழுதும். வலப்பக்கத்து 3ஐ இடப்பக்கத்து 3ஆல் பெருக்கி 9 என்று எழுதும். 9 பெரியது, ஆகவே 3/4 பெரியது. விடை சரி, மதிப்பெண் உண்டு, அரை நிமிடம்கூட ஆகவில்லை. இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். தாளை மடிப்பது, பட்டை வெட்டுவது, கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவது எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஆர்வமூட்டச் செய்யும் வேலை. உண்மையான கணக்கு குறுக்குப் பெருக்கலில்தான் தொடங்குகிறது என்ற எண்ணம் ஆசிரியர் அறையிலும் டியூஷன் வீட்டிலும் பெற்றோர் கூட்டத்திலும் ஒன்றுபோலக் கேட்கிறது. அந்த எண்ணம் தவறு. ஓரளவுக்குத் தவறு என்று சொல்லவில்லை, தலைகீழான தவறு என்கிறேன். பின்னங்களை ஒப்பிடும் கணக்கு நடப்பது அந்த மடித்த தாளில்தான். குறுக்குப் பெருக்கல் அந்தக் கணக்கைச் செய்யாமலேயே விடையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதங்கள் இருக்கின்றன. குறுக்குப் பெருக்கல் எந்த இரண்டு பின்னங்களுக்கும் பொருந்தும், படம் அப்படியல்ல. கை சற்றுப் பிசகினால் படம் பொய் சொல்லும், பெருக்கல் சொல்லாது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆளுக்கொரு பட்டை மடிக்க வைத்தால் ஒரு பாடவேளை அதிலேயே போய்விடும். தேர்வில் மடித்துக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை. நம் முன்னோர் முந்திரி, காணி, மா என்று நுண்ணிய பின்னங்களைக்கூட வாய்ப்பாடாகவே மனப்பாடம் செய்தார்கள், அவர்கள் என்ன படம் பார்த்தா படித்தார்கள்? இவற்றை எல்லாம் பொறுமையாகக் கேட்டிருக்கிறேன். இவற்றில் ஒன்று பாதி உண்மை. மற்றவை உண்மையே அல்ல.

குறுக்குப் பெருக்கல் விதி பிள்ளைக்கு என்ன கற்றுத்தருகிறது? 8ஐயும் 9ஐயும் ஒப்பிடக் கற்றுத்தருகிறது. அது முதல் வகுப்பிலேயே தெரிந்த சங்கதி. அந்த 8 எதில் எட்டு, 9 எதில் ஒன்பது என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். 2/3 என்பது ஓர் எண், அதற்கென்று ஓர் அளவு உண்டு, அது பாதிக்கு மேலும் ஒன்றுக்குக் கீழும் எங்கோ இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் இந்த வேலையை முழுவதுமாக முடித்துவிடலாம். நினைப்பு இல்லாததன் விலை பிறகு தெரியவரும். 3/5, 5/8 இரண்டையும் ஒப்பிடும்போது கிடைப்பவை 24, 25. எந்தப் பெருக்குத்தொகையை எந்தப் பின்னத்தின் கீழ் எழுத வேண்டும் என்பது மறந்துபோன பிள்ளை 25ஐ 3/5இன் கீழ் எழுதிவிட்டால், அது தவறு என்று எச்சரிக்க அதனிடம் வேறொன்றும் இல்லை. அடுத்த ஆண்டு பின்னப் பெருக்கல் வருகிறது. 2/3 × 3/4 என்று கேட்டால், பழகிய கையால் குறுக்கே பெருக்கி 8/9 என்று எழுதும் பிள்ளைகளை ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் நன்றாக அறிவார்கள். முக்காலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்தால் முக்காலைவிடப் பெரியது எப்படி வரும் என்ற ஐயம் எழவில்லை. ஐயம் எழ வேண்டுமானால் முக்கால் எவ்வளவு என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. 1978இல் அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு ஒரு கேள்வி தந்தார்கள். 12/13, 7/8 இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ எவ்வளவு வரும்? தெரிந்தெடுக்கத் தந்த எண்கள் 1, 2, 19, 21. கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. 12/13 கிட்டத்தட்ட ஒன்று, 7/8 கிட்டத்தட்ட ஒன்று, ஆக இரண்டு. சரியாகச் சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். மேலே இருப்பதைக் கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கூட்டினால் 21. பின்னக் கூட்டலைப் பள்ளியில் படித்து, பயிற்சிகள் போட்டு, தேர்வும் எழுதிய பிள்ளைகள் இவர்கள். ஒன்றைவிடச் சிறிய இரண்டு எண்களைச் சேர்த்தால் இருபதுக்குப் பக்கத்தில் வரும் என்று நம்பினார்கள். விதிகளால் மட்டுமே பின்னம் கற்றவருக்கு 12/13 என்பது ஓர் எண்ணாகவே தென்படுவதில்லை. ஒரு கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு முழு எண்களாகவே தென்படுகிறது.

இதைப் பிள்ளைகளின் மந்தம் என்று சொல்வது அநியாயம். 1/8 பெரியதா 1/4 பெரியதா என்று கேட்கும்போது 1/8 என்று சொல்லும் குழந்தை தனக்குத் தெரிந்த நல்ல கணக்கைத்தான் பயன்படுத்துகிறது. எட்டு நான்கைவிடப் பெரியது. பிறந்ததிலிருந்து எண்ணியதெல்லாம் அதையே சொல்லியிருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த அந்த அறிவு, பின்னத்துக்கு வரும்போது திடீரென்று எதிர்த்திசையில் இழுக்கிறது. கல்வி ஆய்வாளர்கள் இதை முழு எண் சார்பு என்கிறார்கள். ‘பகுதி பெரிதானால் பின்னம் சிறிது’ என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்து இவ்வளவு வலுவான பழக்கத்தை மாற்ற முடியாது. பிள்ளை அந்த வாக்கியத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு, 7/8ஐவிட 3/4 பெரியது, ஏனென்றால் 4 சிறியது என்று அடுத்த தவறுக்குப் போகும்.

இப்போது ஒரு நீளமான காகிதப் பட்டையை அந்தக் குழந்தை கையில் கொடுங்கள். ஒரு முறை மடித்தால் இரண்டு பங்கு. மறுபடி மடித்தால் நான்கு. மூன்றாம் முறை மடித்தால் எட்டு. மடிக்க மடிக்கப் பங்குகள் கூடுகின்றன, பங்கின் அகலம் குறைகிறது. இரண்டும் ஒரே செயலில், ஒரே நேரத்தில், குழந்தையின் கைவிரலுக்கடியிலேயே நடக்கின்றன. எட்டு என்ற எண் பெரிதாவதும் எட்டில் ஒன்று சிறிதாவதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல, ஒன்றின் விளைவு மற்றொன்று என்பதை வேறு எந்தச் சொல்லாலும் இப்படிக் காட்ட முடியாது. அந்தப் பட்டையை ‘பார்த்துத் தெரிந்துகொள்ளும் உதவி’ என்று அழைப்பது அதைக் குறைத்து மதிப்பிடுவது. அது நிரூபணம்.

பாதி உண்மை என்று நான் சொன்ன வாதத்துக்கு வருகிறேன். படம் ஏமாற்றும் என்கிறார்கள். ஏமாற்றும், உண்மைதான். பல பாடநூல்களிலும் பயிற்சித் தாள்களிலும் காணும் படங்கள் ஏமாற்றவே செய்கின்றன. ஏற்கெனவே நான்காகப் பிரித்து மூன்றில் வண்ணம் பூசிய ஒரு வட்டம். கேள்வி: வண்ணம் பூசிய பகுதியைப் பின்னமாக எழுதுக. பிள்ளை வண்ணம் பூசிய துண்டுகளை எண்ணி மேலே எழுதுகிறது, எல்லாத் துண்டுகளையும் எண்ணிக் கீழே எழுதுகிறது. 3/4. சரி. இங்கே நடந்தது எண்ணுவது மட்டுமே. பங்குகள் சமமா என்று பார்க்கவில்லை, அளவைப் பற்றி யோசிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் பெரிய வட்டம் ஒன்றும் சிறிய வட்டம் ஒன்றும் இருக்கும், இரண்டிலும் பாதி வண்ணம். பெரிய தோசையில் பாதியும் சின்னத் தோசையில் பாதியும் ஒன்றல்ல என்பது வீட்டில் தம்பியோடு பங்கு போட்ட எந்தக் குழந்தைக்கும் தெரியும். முழுமை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும் என்ற அடிப்படையை அந்தப் பக்கம் கெடுத்துவிடுகிறது. 2010இல் அமெரிக்காவில் வெளியான பொதுப் பாடத்திட்டத் தரங்கள் மூன்றாம் வகுப்புக்கு இதையே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கின்றன. இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையைச் சேர்ந்தவை என்றால் மட்டுமே ஒப்பீடு செல்லும் என்பதைப் பிள்ளை உணர வேண்டும் என்கின்றன.

ஆனால் இதிலிருந்து வருகிற முடிவு என்ன? மோசமான படங்களைத் தூக்கி எறிய வேண்டும் என்பது முடிவு. படங்களையே தூக்கி எறிய வேண்டும் என்று அவர்கள் முடிக்கிறார்கள். பிறர் வரைந்து, பிரித்து, வண்ணமும் பூசித் தந்த படம் பிள்ளைக்கு வேலை எதையும் மிச்சம் வைப்பதில்லை. பிள்ளை தானே மடித்த பட்டையில் எல்லாத் தீர்மானமும் பிள்ளையுடையது. மூன்றாக மடிக்கும்போது ஒரு பங்கு அகலமாகிப்போனால் அதற்கே பொறுக்காது, பிரித்து மறுபடி மடிக்கும். அந்தப் பொறுக்காமைதான் சமபங்கு என்ற கருத்து. வட்டத்தைக் கையால் மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிப்பது பெரியவர்களுக்கே கடினம். செங்குத்தாக இரண்டு கோடு கிழித்து வட்டத்தை மூன்றாக்கிவிட்டதாக நம்பும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நீளப் பட்டையில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லாப் பட்டைகளையும் ஒரே நீளத்தில் வெட்டி, இடப்பக்க ஓரம் சேர ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் முழுமை ஒன்று என்பதும் தானே உறுதியாகிவிடுகிறது.

அப்படி அடுக்கியபின் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டவர்கள் குறுக்குப் பெருக்கலுக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். 3/7 பெரியதா 5/8 பெரியதா? ஏழின் பாதி மூன்றரை, 3/7 பாதியை எட்டவில்லை. எட்டின் பாதி நான்கு, 5/8 பாதியைத் தாண்டிவிட்டது. முடிந்தது. பெருக்கலும் இல்லை, மீ.சி.ம.வும் இல்லை. பாதி என்ற ஒரே மைல்கல்லை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளை இதைச் சொல்கிறது. அடுத்தது 5/6, 7/8. இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் மிகவும் விரும்பும் பொறி. இரண்டிலும் ஒரு துண்டு குறைகிறது, ஆகவே இரண்டும் சமம் என்று நிறையப் பிள்ளைகள் சொல்லும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் சொல்லும். ஆறிலிருந்து ஐந்தைக் கழித்தால் ஒன்று, எட்டிலிருந்து ஏழைக் கழித்தால் ஒன்று. இதே சிந்தனையோடு விட்டால் 1/2உம் 99/100உம் சமம் என்றுதான் முடியும். விதி தெரிந்த ஆசிரியர் இந்த இடத்தில் ‘தவறு, குறுக்கே பெருக்கு’ என்று சொல்லி 40, 42 என்று எழுதிவைத்து நகர்ந்துவிடுவார். பிள்ளையின் சிந்தனை எங்கே பிசகியது என்பது அவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. பட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் ஆசிரியர் ஒரே கேள்வி கேட்பார்: குறைகிற அந்த ஒரு துண்டு எவ்வளவு பெரியது? பிள்ளை கண்ணை வலப்பக்கம் நகர்த்தும். ஒரு பட்டையில் ஆறில் ஒன்று குறைகிறது, மற்றதில் எட்டில் ஒன்று. எட்டில் ஒன்று சிறியது என்பது முன்பே தெரியும். குறைவது சிறிதானால் இருப்பது பெரிது. 7/8.

பிள்ளையின் தவறான எண்ணத்தை அழிக்கத் தேவை இல்லை. ‘ஒரு துண்டு குறைகிறது’ என்று அது பார்த்தது நல்ல பார்வைதான். அந்தப் பார்வையில் விடுபட்டதைச் சேர்த்தால் போதும். சேர்த்தவுடன் அதே பார்வை 99/100, 999/1000 வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும். அந்த எண்களுக்கு யாரும் பட்டை மடிக்கப் போவதில்லை. மடிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் சிந்தனை ஏற்கெனவே பட்டையிலிருந்து பிரிந்து தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது.

படம் எல்லாப் பின்னங்களுக்கும் பொருந்தாது என்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். அவர்கள் படத்தை அளவுகோலாக நினைக்கிறார்கள். 4/7, 7/12 இரண்டையும் கையால் வரைந்து கண்ணால் ஒப்பிட முடியுமா என்று சவால் விடுகிறார்கள். முடியாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1/84தான். ஆனால் பட்டையில் பழகிய பிள்ளை இதை வரைந்து ஒப்பிடாது. 4/7 பாதியைவிடக் கூட, எவ்வளவு கூட? மூன்றரைக்கு மேல் அரைத்துண்டு, ஏழில் ஒன்றின் பாதி, அதாவது 1/14. 7/12உம் பாதியைவிடக் கூட, எவ்வளவு? ஆறுக்கு மேல் ஒரு துண்டு, 1/12. பன்னிரண்டில் ஒன்று பதினாலில் ஒன்றைவிடப் பெரியது. ஆகவே 7/12. குறுக்குப் பெருக்கல் இங்கே 48, 49 என்று இரண்டு எண்களைத் தந்துவிட்டு நிற்கும். பின்னங்கள் இரண்டும் பாதிக்குச் சற்று மேலே நெருங்கி நிற்கின்றன என்ற செய்தி அதில் எங்கும் இல்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டக் கிளார்க், ஆன் ரோச் என்ற ஆய்வாளர்கள் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 323 பேரிடம் ஒவ்வொருவராக உட்கார்ந்து பின்னச் சோடிகளைக் காட்டி, எது பெரியது, எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். 2009இல் முடிவுகள் வெளியாயின. சிறப்பாகச் செய்த பிள்ளைகள் நம்பியிருந்தவை இந்தப் பாதி என்ற மைல்கல்லும், ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்ற பார்வையும்தான். வகுப்பறையில் வழக்கமாகக் கற்பிக்கப்படாத வழிகள் அவை.

பட்டையிலேயே நின்றுவிடுவதும் தவறு. எண்கோட்டுக்குப் போக வேண்டும், சீக்கிரமே போக வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஹுங்-ஸி வூ பீட்சா வட்டங்களை நெடுங்காலமாகக் கண்டித்து வந்திருக்கிறார். பின்னம் என்பது எண்கோட்டில் ஒரு புள்ளி என்றே தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. நான்கு துண்டு வட்டத்தில் 5/4 என்றால் நான்கில் ஐந்தை எப்படி எடுப்பது என்று பிள்ளை திகைக்கும். எண்கோட்டில் திகைப்பு கிடையாது. கால் கால் என்று அடியெடுத்து ஐந்து அடி வைத்தால் ஒன்றைத் தாண்டி ஓரடி. 2010இல் அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வு நிறுவனம் ராபர்ட் சீக்லர் தலைமையில் ஆசிரியர்களுக்கான ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. பின்னங்களும் எண்களே என்று பிள்ளைகள் உணர எண்கோட்டை மையக் கருவியாகத் தொடக்க வகுப்புகளிலிருந்தே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. வூவின் கண்டிப்பை எடுத்துக்காட்டி, பாருங்கள், கணிதவியலாளரே படத்தை எதிர்க்கிறார் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்கோடு படம் இல்லாமல் வேறென்ன? மடித்த பட்டையை நோட்டின் மேல் வைத்து, மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளி வைத்து, பட்டையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எண்கோடு. வூ கேட்பது இன்னும் நல்ல படத்தை.

குறுக்குப் பெருக்கலை நான் வெறுக்கவில்லை. அதை அதன் தாயோடு சேர்த்துத் தர வேண்டும் என்கிறேன். ஒரே அளவுச் செவ்வகங்கள் இரண்டு வரையச் சொல்லுங்கள். முதல் செவ்வகத்தை நெடுக்கே மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கில் வண்ணம் தீட்டட்டும், அது 2/3. இரண்டாவதைக் குறுக்கே நான்காகப் பிரித்து மூன்று பங்கில் தீட்டட்டும், அது 3/4. துண்டுகளின் உருவம் வேறு வேறு, எண்ணி ஒப்பிட முடியாது. என்ன செய்யலாம் என்று சற்று நேரம் விட்டுவிட்டால் யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்: முதல் செவ்வகத்தைக் குறுக்கே நான்காகவும் வெட்டு, இரண்டாவதை நெடுக்கே மூன்றாகவும் வெட்டு. இப்போது இரண்டிலும் பன்னிரண்டு கட்டங்கள், ஒரே உருவம். வண்ணம் பூசியவை முதலில் 8, இரண்டாவதில் 9. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பிள்ளை பெருக்கி எழுதிய அதே 8, அதே 9. எதில் எட்டு என்ற கேள்விக்கு இப்போது விடை உண்டு: பன்னிரண்டில். இரண்டு வரிசைகளை நான்காக வெட்டியதால் 2 × 4 வந்தது, மூன்று வரிசைகளை மூன்றாக வெட்டியதால் 3 × 3 வந்தது. சமான பின்னமும் பொதுப் பகுதியும் அதே கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் செய்து பார்த்த பிள்ளை விதியை மறந்தாலும் ஒரு செவ்வகம் வரைந்து அதை மீட்டெடுத்துக்கொள்ளும். படம் விதிக்கு முந்தைய விளையாட்டு என்பவர்கள் இந்தச் செவ்வகத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்? விதிக்குக் காரணம் கேட்டால் அவர்கள் எதைக் காட்டுவார்கள்?

முன்னோர் மனப்பாடம் செய்தார்கள் என்ற வாதத்தைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அது முன்னோரையே குறைவாக நினைக்கிறது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள் என்பது உண்மை. 320இல் ஒன்றான முந்திரியிலிருந்து 80இல் ஒன்றான காணி, 20இல் ஒன்றான மா என்று கீழ்வாய் இலக்கத்தைச் சரளமாகச் சொல்லும் சிறுவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே பள்ளியில் நெல்லிலக்கம் என்ற சுவடியும் இருந்தது, அது அளவைகளைப் பற்றியது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. படியில் அரைக்கால் ஆழாக்கு, கால் உழக்கு, அரை உரி. இந்த அளவைகள் வீடுகளிலும் களத்து மேட்டிலும் கையில் புழங்கின. எட்டு ஆழாக்கு போட்டால்தான் படி நிறையும், நான்கு உழக்கிலேயே நிறைந்துவிடும் என்பதை அரிசி அளக்கும்போதே பார்த்து வளர்ந்த சிறுவனுக்கு 1/8, 1/4இல் எது பெரியது என்ற குழப்பம் எங்கிருந்து வரும்? மனப்பாடத்துக்கு அடியில் கண்ணும் கையும் இருந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் நடைமுறைக்கு வந்தன. அது வர வேண்டிய மாற்றம்தான், ஆனால் உழக்கும் ஆழாக்கும் வீட்டைவிட்டுப் போனபோது பிள்ளைகள் தினமும் தொட்டுப் பார்த்த பின்னங்களும் போய்விட்டன. அந்த இடத்தை வகுப்பறை நிரப்ப வேண்டும். அளவையைக் கைவிட்டு மனப்பாடத்தை மட்டும் முன்னோர் வழி என்று கொண்டாடுவது முன்னோர் வழி ஆகாது.

சென்னைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1939இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய கருவிகளில் உலோக வட்டங்களும் உண்டு. ஒரு முழு வட்டம், இரண்டாக வெட்டியது, மூன்றாக வெட்டியது, இப்படிப் பத்து வரை. ஒவ்வொரு துண்டையும் குமிழைப் பிடித்து எடுத்து இன்னொன்றின் இடத்தில் பொருத்திப் பார்க்கலாம். விலை உயர்ந்த பொருள், எல்லாப் பள்ளிக்கும் எட்டாது. எட்டாததால் கருத்தையே விட்டுவிட்டோம்.

அந்தக் கருத்துக்குச் செலவு எதுவும் கிடையாது. பழைய செய்தித்தாளிலிருந்து பட்டைகள் வெட்டலாம். இரண்டு, நான்கு, எட்டு மடிப்பால் வரும். மூன்று, ஆறு, பன்னிரண்டு சற்றுப் பழகினால் வரும். ஐந்தும் ஏழும்தான் தொல்லை. அதற்குக் கோடு போட்ட நோட்டு போதும். பட்டையின் ஒரு முனை நோட்டின் முதல் கோட்டிலும் மறுமுனை எட்டாவது கோட்டிலும் படும்படி சாய்த்து வைத்தால், இடையில் இருக்கும் ஆறு கோடுகள் பட்டையின் ஓரத்தை ஏழு சம பங்குகளாக வெட்டும். வெட்டும் இடங்களில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். எட்டாவது கோட்டுக்குப் பதில் ஆறாவது என்றால் ஐந்து பங்குகள். நாற்பது பிள்ளைகள் இருந்தாலும் பெஞ்சுக்கு ஒரு பட்டைக் கட்டு, முதல் வாரம் இரண்டு பாடவேளை. அதற்குப் பிறகு அந்தக் கட்டு ஆண்டு முழுதும் கணக்கு நோட்டுக்குள் இருக்கும், கூட்டலுக்கும் சமான பின்னத்துக்கும் தசமத்துக்கும் வெளியே வரும். நேரம் இல்லை என்கிறார்கள். அதே ஒப்பீட்டு விதியை ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை, ஆறாம் வகுப்பில் ஒருமுறை, ஏழாம் வகுப்பில் ‘அடிப்படை மீள்பார்வை’ என்று இன்னொருமுறை கற்பிக்க நேரம் எங்கிருந்து வருகிறது? பல பள்ளிகளில் டி.எல்.எம். (கற்றல் கற்பித்தல் கருவிகள்) என்ற பெயரில் வந்த பிளாஸ்டிக் பின்னத் துண்டுகள் உடைந்துவிடும் என்ற பயத்தில் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுங்கள், உடையட்டும்.

இன்னொரு பேச்சு மிகவும் வருத்தம் தருவது: படமெல்லாம் மெல்லக் கற்போருக்கு, நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு? ஜெரோம் புரூனர் 1960களில் சொன்ன செயல், படம், குறியீடு என்ற மூன்று வடிவங்களை ஏணிப்படிகளாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது. கீழ்ப்படியில் நிற்பது கேவலம், சீக்கிரம் மேலே ஏறிவிட வேண்டும் என்ற அவசரம். 1980களில் புரூனரின் இதே சிந்தனையை அடிப்படையாக வைத்துப் பாடத்திட்டம் அமைத்த சிங்கப்பூரில் பட்டைப் படங்களை முதல் வகுப்புகளோடு நிறுத்திவிடவில்லை. தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பு வரை, விகிதம், சதவீதம் போன்ற கடினமான கணக்குகளுக்கும் பிள்ளைகள் பட்டை வரைந்தே வழி கண்டுபிடிக்கிறார்கள். கணிதத்தைத் தொழிலாகக் கொண்டவர்களும் கடினமான கேள்வி வந்தால் முதலில் ஒரு படம்தான் கிறுக்குகிறார்கள். வகுப்பின் முதல் மாணவிக்குப் பட்டையை மறுத்துவிட்டு விதியை மட்டும் கொடுப்பது அவளுக்குச் செய்யும் மரியாதை அல்ல. எட்டாம் வகுப்பில் இயற்கணிதப் பின்னங்கள் வரும்போது முதலில் தடுமாறுவதும் அவள்தான். காரணம் கேட்டுப் பழகாமல் வேகத்தால் மட்டுமே முன்னே வந்தவள் அவள்.

இவ்வளவும் ஆசைப்பேச்சு, சோதித்துப் பார்த்தார்களா என்று கேட்டால், பார்த்திருக்கிறார்கள். கேத்லீன் கிரேமர், தாமஸ் போஸ்ட், ராபர்ட் டெல்மாஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்ந்த 66 வகுப்பறைகள், 1,600க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஒரு பாதி வழக்கமான பாடநூல் வழியில் கற்றது. மறு பாதி பின்ன வட்டத் துண்டுகள், தாள் மடிப்பு, சில்லுகள் இவற்றோடு நீண்ட நேரம் செலவிட்டு, பேசி, எழுதிக் கற்றது. பின்னக் கருத்திலும், பின்னங்களை வரிசைப்படுத்துவதிலும், உத்தேச மதிப்பிலும், புதிய கேள்விகளுக்குப் பொருத்துவதிலும் இரண்டாவது தரப்பு முன்னே நின்றது. விதிகளுக்குக் குறைந்த நேரமே செலவிட்டிருந்தும் எழுதிச் செய்யும் கணக்கில் அவர்கள் பின்தங்கவில்லை. 2012இல் சீக்லரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளின் நெடுங்காலத் தரவுகளை ஆராய்ந்தார்கள். தொடக்கப்பள்ளி வயதில் பின்னத்திலும் வகுத்தலிலும் இருந்த தேர்ச்சி, பல ஆண்டுகள் கழித்து உயர்நிலைப் பள்ளிக் கணக்கில் பிள்ளை எப்படிச் செய்யும் என்பதை முன்கூட்டியே காட்டியது. குடும்ப வருமானம், பொது அறிவுத்திறன் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ஐந்தாம் வகுப்பில் பட்டை மடிக்க மறுக்கும்போது எதை மறுக்கிறோம் என்பது இதிலிருந்து தெரியும்.

மிஞ்சியிருப்பது தேர்வு. தேர்வில் கேட்பதில்லை, ஆகவே வகுப்பில் செய்வதில்லை என்பதுதான் எதிர்த்தரப்பின் கடைசிக் கோட்டை, அதை இடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வியை மாற்றினால் போதும். ‘9/10, 11/12 எது பெரியது?’ என்பதற்குப் பதில் ‘பெருக்காமல் சொல்க: 9/10, 11/12 இவற்றில் எது 1க்கு அருகில் உள்ளது? ஏன்?’ என்று கேட்கலாம். ‘1/3க்கும் 1/2க்கும் இடையில் ஒரு பின்னத்தை எண்கோட்டில் குறித்துக் காட்டுக’ என்று கேட்கலாம். ‘3/8, 11/12, 1/2, 5/6, 4/7 இவற்றை ஏறுவரிசையில் எழுதி, 1/2 தவிர ஒவ்வொன்றும் பாதிக்கு எந்தப் பக்கம் என்று குறிப்பிடுக’ என்று கேட்கலாம். விதியை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை இந்த ஐந்து எண்களைச் சோடி சோடியாகப் பத்துமுறை வரை பெருக்க வேண்டியிருக்கும். பட்டை மடித்த பிள்ளை பார்த்த மாத்திரத்தில் எழுதும். வரும் அரையாண்டுத் தேர்விலேயே இதைத் தொடங்கலாம், அதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது. ‘ஏன்’ என்ற சொல்லுக்கு இரண்டில் ஒரு மதிப்பெண் ஒதுக்கிவிட்டால், அந்த வாரமே டியூஷன் வீடுகளிலும் தாள் மடிக்கத் தொடங்குவார்கள்.